பொங்கல் பானைக்கு எனாமல் வேண்டாமே!

பானை ஓவியப் போட்டி என்றதும் எல்லாரும் எனாமல் பெயின்ட்தான் வாங்குறோம். பளபளன்னு இருக்கும், ஒத்துக்கிறேன். ஆனால் அடுப்பில் ஏற்றினால் கருகி, நாறி, உரிந்துவிடும். அப்புறம் அந்தப் பானையில் எப்படிப் பொங்கல் வைப்பது?

வேளார் வீட்டில் சுடாத பச்சைப் பானைக்குக் காவி பூசித்தான் சூளையில் வைக்கிறாங்க. அந்தச் சிவப்பு தேய்த்துக் கழுவினாலும் போகாது. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் தோண்டியபோது, காவி பூசிய பானை ஓடுகள் கிடைத்தன. இரண்டாயிரம் வருஷம் ஆகியும் அவற்றில் வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன!

நமக்கும் காவி, வெள்ளைக் களிமண் இரண்டும் போதும். துணியில் வடிகட்டிக் குழைத்தால் மெல்லிய கோடும் வரும். (மஞ்சள்தூள், இலைச்சாறு வேண்டாம், சூளையில் எரிந்துவிடும்.) நிறம் குறைவுதான், பரவாயில்லை.

ஆசிரியர்களே, மார்கழி பிறந்ததுமே சுடாத பானை வாங்கித் தருவீங்களா?

– 9ஆம் வகுப்பு மாணவி