தொட்டி இருக்கட்டும், கை மாறட்டும்

நோயாளி வீடு திரும்பும் நாளில் உறவினர்கள் எங்களிடம் பல ஐயங்களைக் கேட்கின்றனர். உணவில் உப்பு எவ்வளவு சேர்க்கலாம், மாடிப்படி ஏறலாமா, பால்கோவா ஒரு துண்டு கொடுக்கலாமா என்பன அவற்றுள் சில. அண்மைக் காலமாக இன்னொரு கேள்வியும் சேர்ந்துள்ளது. கூடத்தில் இருக்கும் மீன் தொட்டியை என்ன செய்வது?

இக்கேள்விக்கு நாங்கள் ஒருமுறை அவசரப்பட்டு விடை கூறினோம். சிறுநீரக மாற்று அறுவை முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பிய பெரியவர் ஒருவரின் குடும்பத்தாரிடம், “உடனே அப்புறப்படுத்திவிடுங்கள்” என்றோம். மறுநாளே பேரன் தொட்டியைத் தூக்கிச் சென்று கண்மாயில் கவிழ்த்துவிட்டான். அடுத்த பரிசோதனைக்கு வந்த பெரியவர் எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: “அந்த நத்தை என்ன பாவம் பண்ணுச்சு, டாக்டரம்மா?”

வெளியே செல்லக் கூடாத அந்த மாதங்களில், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியை மேய்ந்தபடி நகரும் நத்தைகளைப் பார்த்திருப்பதே அவருக்குத் துணையாக இருந்தது. அதை நாங்கள் கேட்டறியவில்லை. தொட்டி கண்மாய்க்குப் போகும் என்றும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஆகவே எங்கள் கருத்தைத் திருத்திக்கொண்டோம். பெரும்பாலான வீடுகளில் தொட்டியை அகற்ற வேண்டிய தேவை இல்லை. அதற்குள் இறங்கும் கை மட்டும் மாற வேண்டும்.

ஆபத்தைக் குறைத்துக் கூறுவது எங்கள் நோக்கமன்று. மீன் தொட்டி நீரில் மைக்கோபாக்டீரியம் மரினம் என்னும் கிருமி வாழக்கூடும். காசநோய்க் கிருமிக்கு உறவான இது, 1926ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகர மீன் காட்சியகத்தில் இறந்த மீன்களிலிருந்து முதலில் பிரித்தறியப்பட்டது. சிறு கீறல் வழியே தோலுக்குள் புகுந்து, சில வாரங்கள் கழித்து விரலிலோ புறங்கையிலோ ஆறாத கட்டியாக வெளிப்படும். குணப்படுத்த மாதக்கணக்கில் மருந்து உட்கொள்ள நேரிடும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமியும் தொட்டி நீரில் இருக்கக்கூடும்.

உறுப்பு மாற்று செய்துகொண்டோர், புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்வோர், நீண்டகாலம் ஸ்டீராய்டு உட்கொள்வோர், கையில் புண்ணுள்ள நீரிழிவு நோயாளிகள் ஆகியோர் தொட்டி நீரில் கை வைக்கவே கூடாது. சத்திரப்பட்டித் தறியில் நெய்த பேண்டேஜ் துணி எவ்வளவு நேர்த்தியானதாக இருந்தாலும், அது நீரைத் தடுக்காது. பார்ப்பதும், மேலிருந்து தீனி தூவுவதும் நோயாளியின் பங்காக இருக்கட்டும். நீர் மாற்றுவதையும் கண்ணாடி துடைப்பதையும் உடல்நலமுள்ள ஒருவர் கையுறை அணிந்து செய்யட்டும். குழாயை வாயால் உறிஞ்சி நீர் இறக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதை அறவே விட்டுவிட வேண்டும். தொட்டிச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவலாகாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவுதல் கட்டாயம்.

இங்கேதான் நத்தை நமக்கு உதவுகிறது. கண்ணாடியில் படியும் பாசியை அது மேய்வதால், நாம் கைவிட்டுச் சுரண்ட வேண்டிய தேவை குறைகிறது. ஆனால் நத்தையை வாங்கி விட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது தவறு. அதுவும் பேணப்பட வேண்டிய உயிரே.

நத்தையின் ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். நம் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெண்படலம் படிகிறதல்லவா? நாம் சலித்துக்கொள்ளும் அந்தக் கடினநீர் நத்தைக்கு நல்லது. தூய்மையானது என்று எண்ணிச் சுத்திகரித்த கேன் தண்ணீரை மட்டும் ஊற்றினால், நாளடைவில் ஓடு அரித்து மெலியும். குளோரின் கலந்த குழாய்நீராயின், வாய் அகன்ற வாளியில் ஒருநாள் திறந்துவைத்துப் பின் ஊற்றலாம்.

மீனுக்கு நோய் வந்தால் கடையில் கொடுக்கும் சில மருந்துகளில் தாமிரம் கலந்திருக்கும். மீனைக் காக்கும் அம்மருந்து நத்தையைக் கொன்றுவிடும். ஆதலால் தொட்டியில் நத்தை இருப்பதைச் சொல்லியே மருந்து வாங்குக.

பாசி மிகுவதற்குக் காரணம் பெரும்பாலும் அதிக வெளிச்சமும் அதிகத் தீனியுமே. தொட்டியை ஜன்னல் வெயிலில் வைக்காமல், விளக்கை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மிகாமல் எரியவிட்டாலே பாதிப் பாசி குறையும். பாசி தீர்ந்துவிட்டால் நத்தை பட்டினி கிடக்கும். வேகவைத்த கீரையோ வெள்ளரித் துண்டோ சிறிது இட்டு, எஞ்சியதை மறுநாள் எடுத்துவிட வேண்டும். தீனி மிஞ்சினால் சிலவகை நத்தைகள் கட்டுக்கடங்காமல் பெருகிவிடும். நெரைட் என்னும் சிறு நத்தையின் முட்டைகள் நன்னீரில் பெருகுவதில்லை. பராமரிக்க நேரமில்லாத வீடுகளுக்கு அது ஏற்றது. இறந்த நத்தையை உடனே அகற்றுங்கள்; நீரை விரைவில் கெடுத்துவிடும்.

நத்தைக்கறி மூலத்துக்கு நல்லது என்னும் பேச்சு நம் பக்கத்தில் உண்டு. நத்தையைச் சரியாக வேகவைக்காமல் உண்டால் அதிலுள்ள ஒருவகைப் புழு மூளையுறையில் அழற்சியை உண்டாக்கக்கூடும். தொட்டி நத்தையை எந்நாளும் மருந்தாகக் கருத வேண்டாம்.

இறுதியாக, கண்மாய். தென்னமெரிக்காவைச் சேர்ந்த ஆப்பிள் நத்தை 1980களில் உணவுக்கென்று பிலிப்பைன்ஸுக்குக் கொண்டுவரப்பட்டது. அது வயல்களுக்குள் பரவி இளம் நெற்பயிரைத் தின்று அழித்தது. உழவர்கள் இன்றும் அதனோடு போராடுகின்றனர். அதே இனத்தைச் சேர்ந்த நத்தைகள் அலங்கார நத்தைகளாகத் தொட்டிகளில் வளர்கின்றன. பெரியகுளம் கண்மாயிலோ திருமுக்குளத்திலோ ராஜபாளையத்து நீர்நிலைகளிலோ அவற்றை விடுவது உயிர்க் கருணை ஆகாது. வளர்க்க இயலாதவர்கள் கடைக்காரரிடமோ, வளர்க்கும் மற்றொருவரிடமோ ஒப்படைக்கட்டும்.

அந்தப் பெரியவரின் வீட்டில் இப்போது மறுபடியும் ஒரு தொட்டி இருக்கிறது. நீர் மாற்றுவது மருமகளின் பொறுப்பு. நத்தைகளை எண்ணுவது பெரியவரின் பொறுப்பு. காலையில் ஒன்று குறைந்தாலும் அவர் குரல் கொடுத்துவிடுவார்.

உங்கள் வீட்டில் தொட்டி இருந்தால், அடுத்த முறை வரும்போது மருத்துவரிடம் அதை மறவாமல் கூறுங்கள். விரலில் ஆறாத கட்டி ஏதேனும் இருந்தால் அதையும் சேர்த்துக் கூறுங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்ல மறவாதீர்கள். தொட்டியை என்ன செய்வது என்பதை இனி உங்களோடு கலந்துபேசியே முடிவு செய்வோம்.