சிறுநீரில் சர்க்கரை இல்லை, ஆயினும்...



பெஹாலாவில் குடியிருக்கும் ஐந்து மாதக் கர்ப்பிணியான சகோதரி ஒருவர் கேட்கிறார்: "சிறுநீரில் சர்க்கரை இல்லை என்று சீட்டில் எழுதியிருக்கிறார்கள். பின்பு ஏன் குளுக்கோஸ் குடித்து இரத்தம் கொடுக்க வேண்டும்?" தாயார் அருகில் இல்லாத ஊரில் இத்தகைய சந்தேகம் எழுவது இயல்பே.

கர்ப்பகாலத்தில் சிறுநீரகங்கள் வழக்கத்தைவிட அதிக இரத்தத்தை வடிகட்டுகின்றன. ஆகையால் நோயில்லாத தாயின் சிறுநீரிலும் சர்க்கரை காணப்படலாம். இரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்தும் சிறுநீரில் தென்படாமற்போவதும் உண்டு. எனவே அதை மட்டும் நம்புவது தகாது.

நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் செயலைத் தடுக்கின்றன. கணையம் அதை ஈடுசெய்ய இயலாதபோது சர்க்கரை உயருகிறது. இந்தத் தடையைச் சிறுநீரிலேயே அறிய இயலுமா என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்துள்ளனர். சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரில் இனோசிட்டால் வகை ஒன்று குறைவாக வெளியேறுவதை 1990இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆனாலும் இரத்தப் பரிசோதனைக்கு மாற்றாக அது வழக்கத்திற்கு வரவில்லை.

சென்னை மருத்துவர் வீ. சேஷய்யா முன்னின்று பரப்பிய எளிய முறை நமக்கு உண்டு. உணவு உண்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 2 மணி நேரம் கழித்து இரத்தம் கொடுக்க வேண்டும். சர்க்கரை 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேலிருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் எனக் கொள்வர். முதல் வருகையிலும், அப்போது சரியாக இருந்தால் மறுபடியும் 24 முதல் 28 வாரங்களுக்குள்ளும், இதைச் செய்ய மத்திய அரசின் வழிகாட்டி கூறுகிறது.

அசட்டை செய்தால் குழந்தை அளவுக்கு மீறிப் பருத்துப் பிரசவம் கடினமாகலாம். பிறந்தவுடன் குழந்தையின் சர்க்கரை சடுதியில் தாழலாம். பலருக்கு உணவு ஒழுங்கும் நடையுமே போதும். சிலருக்கு மருந்தோ இன்சுலினோ தேவைப்படும். அயலார் அன்போடு 'சாத்' விருந்தில் பாயேஷ் பரிமாறுகையில், மருத்துவர் சொன்ன அளவைத் தயங்காமல் கூறுங்கள். சிறுநீர்ப் பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள். அதில் புரதம் தோன்றுவது இரத்த அழுத்தக் கோளாறின் எச்சரிக்கையாயிருக்கலாம்.

பிரசவத்திற்குப் பின் 6 வாரங்களில் மீண்டும் பரிசோதியுங்கள். பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் அபாயம் இவர்களுக்கு அதிகம்.

கணவன்மாரே, அந்த நாளில் வேலைக்கு விடுப்பெடுத்து உடன் செல்லுங்கள். மொழி தெரியாத வரிசையில் மனைவி தனியே நிற்கலாகாது. சீட்டை வாங்கியதும் 'சிறுநீரா, இரத்தமா?' என்று கேட்டு அறியுங்கள்.