சொல்லி எழுதவைத்தது போதும்

பார்வையற்ற தமிழர்களாகிய நாங்கள் கைப்பேசியின் தொடுதிரையில் ஆறு விரல்களால் பிரெயில் தட்டி எழுதுகிறவர்கள். இந்தப் பிரகடனமும் அப்படி எழுதப்பட்டதுதான். எழுதத் தெரிந்த எங்களை வாயால் சொல்ல மட்டுமே தெரிந்தவர்களாக நடத்தும் வழக்கத்துக்கு முடிவுகட்டவே கூடியிருக்கிறோம். இயக்கத்துக்குப் பெயர் இன்னும் வைக்கவில்லை. வேலை முதலில் நடக்கட்டும்.

தேர்வு அறையில் நாங்கள் சொல்ல, இன்னொருவர் எழுதுகிறார். அலுவலகத்தில் விடுப்புக் கடிதத்தையும் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லித்தான் எழுதவைக்கிறோம். ஸ்மார்ட்போன் வந்த பின் மைக்கிடம் சொல்கிறோம். ஓடும் பேருந்தில் மனைவிக்கு ஒரு வரி அனுப்ப நினைப்பவன், அதை முன் சீட்டுக்காரருக்கும் நடத்துனருக்கும் சேர்த்தே அறிவிக்க வேண்டும். கடவுச்சொல்லை உரக்கச் சொல்ல முடியுமா? குரல் தட்டச்சுக்கு நாங்கள் எதிரிகள் அல்ல. கையில் மாவு ஒட்டியிருக்கும்போது அதைவிட வசதி ஏது? ஆனால் அது ஒன்றே போதும் என்று எங்களுக்காக மற்றவர்கள் முடிவுசெய்வதை ஏற்க மாட்டோம்.

இதில் எங்களை அதிகம் உறுத்துவது எழுத்துப்பிழை. காதால் மட்டுமே தமிழ் படித்து வளரும் பிள்ளைக்குப் பல்லியும் பள்ளியும் ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிக்கும். பிரெயிலிலோ அவை வேறு வேறு கைகளில் இருக்கின்றன. ஒரு கட்டத்தில் ஆறு புள்ளிகள்: இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3; வலப்பக்கம் 4, 5, 6. 'ல' என்றால் இடக்கையின் மூன்று விரல்கள். 'ள' என்றால் வலக்கையின் மூன்று விரல்கள். 'ழ' என்றால் 4 நீங்கலாக மற்ற ஐந்தும். ஒருமுறை விரலில் ஏறிவிட்டால் இந்த வேறுபாடு மறக்காது. அச்சில் 'கொ' எழுதினால் குறிகள் எழுத்தின் இரண்டு பக்கமும் நிற்கும். பிரெயிலில் 'க', அடுத்து 'ஒ', அவ்வளவுதான். 'கொடு' என்பதற்கு நான்கு தட்டல்கள் போதும். இந்திய மொழிகளுக்கான பொதுப் பிரெயிலாகிய பாரதி பிரெயில் 1951-ல் ஏற்கப்பட்டபோது தொடுதிரையை யாரும் நினைத்துப் பார்த்திருக்க முடியாது. ஆனாலும் அதற்கென்றே செய்ததுபோல் பொருந்துகிறது.

அதே 1951-ல்தான் பெர்கின்ஸ் பிரெயிலர் அமெரிக்காவில் வெளிவந்தது. ஆறு விசைகளும் நடுவில் இடைவெளி விசையும் கொண்ட, ஐந்து கிலோவை நெருங்கும் உலோகத் தட்டச்சு யந்திரம். அதன் ஆறு விசைகள்தான் இன்று கண்ணாடித் திரைக்குள் வந்திருக்கின்றன. ஐபோனில் 2014-ல் ஐஓஎஸ் 8-ஓடு இந்த வசதி வந்தது. ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பானாகிய டாக்பேக்கில் 2020-ல். கைப்பேசியைப் படுக்கைவாட்டில், திரை வெளியே பார்க்கும்படி பிடிக்கிறோம். இரு கைகளின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் திரையில் படிகின்றன. ஓர் எழுத்துக்கு உரிய விரல்களைச் சேர்த்து ஒரே தட்டு. வலப்பக்கம் ஒரு விரலால் தள்ளினால் இடைவெளி, இடப்பக்கம் தள்ளினால் அழிப்பு. காதில் இயர்போன் இருந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. திரை எங்களைப் பார்க்காமல் எதிரில் இருப்பவரைப் பார்ப்பதால் படம் பிடிக்கிறோம் என்று சந்தேகப்பட்டுச் சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு விளக்குவதும் இயக்கப் பணியாகவே கொள்ளப்படும்.

பிரெயிலுக்கு எதிர்ப்பு புதிதல்ல. 1840-ல் பாரிஸ் பார்வையற்றோர் பள்ளியின் இயக்குநர் பிரெயிலுக்குத் தடை விதித்தார். மாணவர்கள் ஒளித்துவைத்து எழுதினார்கள். பிரான்ஸ் அதை அதிகாரபூர்வமாக ஏற்ற 1854-ல் அதை உருவாக்கிய லூயி பிரெயில் இறந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. பார்வையுள்ளவர் படிக்க முடியாத எழுத்து எங்களைத் தனிமைப்படுத்தும் என்பது அந்தக் காலத்து வாதம். இன்று நாங்கள் புள்ளியாகத் தட்டுவது உங்கள் திரையில் அச்செழுத்தாக வந்து நிற்கிறது. அந்த வாதத்துக்கு இனி உயிரில்லை. ஆனால் அதன் இடத்தில் 'அதான் போன் பேசுதே, பிரெயில் எதற்கு?' என்ற கேள்வி வந்து உட்கார்ந்திருக்கிறது. பார்வையுள்ள பிள்ளைக்கும் போன் பேசத்தானே செய்கிறது? அதற்காக யாராவது அவனுக்கு அ, ஆ சொல்லித்தராமல் விட்டார்களா?

ஆகவே நாங்கள் கேட்பது இது. பார்வையற்றோர் பள்ளிகளில் தாளில் புள்ளி குத்தும் ஸ்லேட்டும் ஸ்டைலசும் பழகிய கைக்குத் தொடுதிரைப் பிரெயிலையும் வகுப்பிலேயே கற்றுத்தர வேண்டும். ஸ்லேட்டை ஓரங்கட்டிவிட்டு அல்ல: கண்ணாடியில் புள்ளி எழும்பாது, எழுதியதை விரலால் தடவிப் படிக்க முடியாது. படிப்பதற்குத் தாளோ, புள்ளிகள் எழுந்து அடங்கும் பிரெயில் காட்டியோ வேண்டும். அந்தக் கருவியின் விலை எங்களில் பலருக்கு எட்டாதது. அரசு அதைக் கல்விக் கருவியாகக் கருதி வழங்க வேண்டும்.

தேர்வில் சொந்தக் கையால் பிரெயிலில் தட்டி எழுத விரும்புவோருக்கு அந்த வாய்ப்பு வேண்டும். சொந்தக் கைப்பேசியை அறைக்குள் விட முடியாது என்பது நியாயம்தான். இணையம் இல்லாத கருவியைத் தேர்வுத் துறையே வைக்கலாம். உதவி எழுத்தர் வேண்டுவோருக்கு அவர் தொடர்ந்து வேண்டும். அந்த உரிமையைப் பிரெயில் வாய்ப்பைக் காட்டி யாரும் பறிக்க விடமாட்டோம். நாங்கள் கேட்பது சலுகை அல்ல: தகவல் தொடர்பு என்பதன் வரையறையிலேயே பிரெயிலைச் சேர்த்திருக்கிறது 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்.

செயலி செய்வோருக்கு ஒன்று. ரகசிய எண் கேட்கும் இடத்தில் உங்கள் சொந்த எண்பலகையைத் திரையில் வரைந்து வைக்கிறீர்கள். பிரெயில் விசைப்பலகை அங்கே வேலை செய்வதில்லை. பணம் எங்களுடையது, எதில் தட்டுவது என்பதையும் எங்களிடம் விடுங்கள். காதும் கேளாதவர்களுக்குத் தட்டிய எழுத்து அதிர்வாகத் திரும்பி வரட்டும். பிரெயிலை அச்செழுத்தாக்கும் லிப்லூயி என்ற திறந்த மூல நிரல் தொகுப்பில் தமிழுக்கும் அட்டவணை இருக்கிறது. யாரும் திருத்தலாம் என்பதால் அதைச் சரிபார்க்கும் வேலையை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்.

சேர விரும்புவோர் கட்டணம் எதுவும் தர வேண்டாம். தொடுதிரைப் பிரெயிலில் தாங்களே தட்டிய ஒரு பக்கம் தந்தால் போதும். பிழை இருந்தால் பரவாயில்லை, இன்னொருவரிடம் கொடுத்துத் திருத்தவும் வேண்டாம். பார்வையுள்ளவர்களும் சேரலாம், அதே நிபந்தனையோடு. தட்டத் தெரியாதவருக்குக் கற்றுத்தர உறுப்பினர் ஒருவர் வருவார். கற்றுக்கொண்டவர் அடுத்த ஒருவருக்குக் கற்றுத்தர வேண்டும். முதல் கூட்டம் லூயி பிரெயில் பிறந்த ஜனவரி 4 அன்று. நடவடிக்கைக் குறிப்பைக் கூட்டத்திலேயே பிரெயிலில் எழுதிப் படிப்போம்.