பிரீமியத்துக்கு கடிவாளம் போட்டாச்சு, ஆஸ்பத்திரி பில்லுக்கு?

"போன வருஷம் கட்டினது என்ன, இந்த வருஷம் கேட்கிறது என்ன?"

மருத்துவ இன்சூரன்சைப் புதுப்பிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தாலே வீட்டுக்கு வீடு இந்தக் கேள்விதான். பெரியவர்களுக்கு ரத்தக் கொதிப்பே ஏறி விடுகிறது.

இதைத் தடுக்க 2025 ஜனவரி 30-ந் தேதி காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. 60 வயது ஆனவர்களுக்கு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியத்தை ஏற்றுவதாக இருந்தால், ஆணையத்தைக் கலக்காமல் ஏற்றக் கூடாது.

அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் நீங்கியது. மக்களுக்கு நிம்மதிதான். ஆனால், இந்த நிம்மதி நீடிக்குமா?

வட்டிக்கு வட்டி

புரசைவாக்கத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் 62 வயதுப் பெரியவர் ஒருவர் 40 ஆயிரம் ரூபாய் பிரீமியம் கட்டுகிறார் என்று வைத்துக் கொள்வோம். வருஷத்துக்கு 10 சதவீதம் ஏறினால் 69 வயதில் அவர் கட்ட வேண்டியது சுமார் 78 ஆயிரம்! வரம்பு இருந்தே இந்தக் கதி.

"கம்பெனிக்காரங்க கொள்ளை அடிக்கிறாங்க" என்று திட்டி விடலாம். அதில் பாதிதான் உண்மை.

100 ரூபாய் எங்கே போகுது?

மருத்துவ இன்சூரன்ஸ் மட்டும் நடத்தும் கம்பெனிகள், 100 ரூபாய் பிரீமியத்தில் 35 ரூபாய் வரை கமிஷன், சம்பளம், விளம்பரம் என்று செலவழிக்க 2023-ல் வந்த விதி இடம் கொடுத்தது. 2023-24-ல் இவை கிளெய்மாகக் கொடுத்தது 100-க்கு சுமார் 65 ரூபாய்தான்.

அமெரிக்காவில் 2010-ல் வந்த சட்டம் கறாரானது. தனிநபர் பாலிசியில் 100-க்கு 80-ஆவது வைத்தியத்துக்குப் போக வேண்டும். குறைந்தால் பாக்கியை பாலிசிதாரருக்குத் திருப்பித் தர வேண்டும்.

நம் நாட்டு அரசுக் கம்பெனிகளின் கதையோ தலைகீழ். அதே 2023-24-ல் 100 ரூபாய் வாங்கி, 100-க்கு மேல் கிளெய்ம் கொடுத்தன. ஆபீஸ்களுக்கு மொத்தமாகத் தரும் குரூப் பாலிசிகளை மலிவாகக் கொடுத்தது இதற்கு முக்கிய காரணம். வரவுக்கு மேல் செலவு என்றால் எந்தக் கடை ஓடும்?

இளவட்டம் நழுவினால்...

இன்சூரன்ஸ் ஒரு பொது உண்டியல். நோய் இல்லாதவர் போடும் காசில்தான் நோயாளிக்கு வைத்தியம்.

2024 ஏப்ரல் முதல் 65 வயது தாண்டியவர்களும் புதிதாகச் சேர வழி பிறந்தது. பழைய வியாதிக்குக் காத்திருக்கும் காலமும் 4 வருஷத்திலிருந்து 3 வருஷமாகக் குறைந்தது. நியாயமான விதிகள். ஆனால் உண்டியலில் இருந்து எடுப்பவர்கள் கூடுவார்கள், பிரீமியமும் கூடும்.

"நான் நல்லாத்தானே இருக்கேன், எனக்கு எதுக்கு?" என்று 30 வயதுக்காரர் நழுவினால், மிஞ்சுவது நோயாளிகள். மறுபடி பிரீமியம் ஏறும். மறுபடி ஆள் குறையும். பெரியவர்களுக்கு மட்டும் 10 சதவீதத்தில் நிறுத்தினால், மீதி பாரம் இளையவர் தலையில் விழும். இல்லாவிட்டால் கிளெய்ம் தொகையில் வெட்டு விழும்.

வாசலோடு சரி!

பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. ஆணையத்தின் அதிகாரம் இன்சூரன்ஸ் கம்பெனிகள் மீதுதான். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி அதன் கை நீளாது. ரூம் வாடகை, ஆபரேஷன் கட்டணம் எதற்கும் அது விலை வைக்க முடியாது. "கார்டு இருக்கா?" என்று கவுண்டரில் கேட்டதும் பில் எகிறுகிறது என்பது பொதுமக்களின் நெடுநாள் புகார்.

கம்பெனிகளின் செலவு குறைய வேண்டும். ஆஸ்பத்திரிகளுக்கும் விலைப்பட்டியல் வர வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால், ஒரே அடியாக விழும் சுமை தவணை முறையில் விழும். அவ்வளவுதான்!

கோபத்தில் பாலிசியை விட்டு விடுவதும் வழி அல்ல. விட்டவர் மறுபடி சேர்ந்தால், பழைய வியாதிக்குக் காத்திருப்பும் முதலிலிருந்து தொடங்கும்.