தொண்ணூறா? எண்பதா?

புகைவண்டி நிலையங்களிலே ஓர் எடைப்பொறி நின்றதுண்டு. காசு போட்டால் சீட்டு விழும். ஒருபுறம் எடை, மறுபுறம் 'பலன்'! பகுத்தறிவாளன் எடையைப் படித்தான், பலனைக் கிழித்தெறிந்தான்.

ஆனால், தோழர்களே, உடல் பருத்த திருநங்கை ஒருவரைக் கண்டதும் நாடு என்ன செய்கிறது? எடையைப் பார்ப்பதில்லை, பலன் கூறுகிறது! "முற்பிறப்பின் பாவம்" என்கிறான் பழமை விரும்பி. "வாயைக் கட்டத் தெரியாதவள்" என்கிறான் படித்தவன். திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறி வேண்டிக்கொண்டால் எல்லாம் சரியாகும் என்போரும் எங்கள் மணவூர்ப் பக்கத்திலே உண்டு. படி ஏறுவது உடலுக்கு நல்லதுதான். ஆனால் அது காலின் வேலை, கடவுளின் வேலையன்று!

காரணத்தைக் காண்போம். பெண்மைக்கான ஹார்மோன் உடலிலே கொழுப்பைக் கூட்டும், தசையைக் குறைக்கும். எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்துப் பார்த்து மருத்துவர் தரவேண்டிய மருந்து அது. மருத்துவமனை வரிசையிலோ ஏளனம் காத்திருக்கிறது. எனவே பலருக்கு மருந்துக்கடையே மருத்துவமனை! உடற்பயிற்சிக்கென நடந்தால் கேலி, வேலை கேட்டால் கதவடைப்பு, உறக்கமற்ற இரவு, கிடைத்தபோது கிடைத்ததை உண்ணும் வாழ்வு. இதிலே விதி எங்கே இருக்கிறது? வீதியன்றோ இருக்கிறது!

அமெரிக்காவிலே 2007இல் வெளிவந்த ஆய்வொன்று, பெண்ணை விரும்பும் பெண்களிடையே மிகுஎடைக்கான வாய்ப்பு மற்றப் பெண்களைவிட இரு மடங்குக்கும் மேல் என்றது. ஆணை விரும்பும் ஆண்களிடமோ எடை குறைவு என்று அந்நாட்டு ஆய்வுகள் பல கூறுகின்றன. காதல்தான் காரணமென்றால் இருசாராரும் பருத்திருக்க வேண்டாமா?

நம் நாட்டு மருத்துவ ஏட்டைப் புரட்டுங்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ.; மிஞ்சினால் ஆபத்து. திருநங்கைக்கு எது எல்லை? திருநம்பிக்கு எது? அட்டவணையிலே இரண்டே கட்டம்! 2008இல் தமிழகம் நலவாரியம் கண்டது. 2014இல் உச்சநீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றது. சட்டம் தந்த இடத்தை அளவு நாடா இன்னும் தரவில்லை.

2021இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' பிறந்தது. வீடுதேடிச் சென்று சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கும் நல்ல திட்டம், போற்றுகிறோம். ஆனால், வீட்டைவிட்டு விரட்டப்பட்டவரை எந்த வீட்டிலே தேடுவது? அவர்கள் கூடி வாழும் இடங்களுக்கு அந்தப் பை செல்லட்டும்! ஹார்மோன் மருந்து மருத்துவர் கையிலிருந்து கிடைக்கட்டும்! அவர்களையும் சேர்த்து ஆராய்ந்து எல்லைகள் வகுக்கப்படட்டும்!

அரசுக்கு மட்டுமா கடமை? இளைஞனே, மருத்துவமனை வரிசையிலே எழும் சிரிப்பொலியில் உன் குரல் இருந்ததுண்டா? இருந்தால், முதலில் அதை நிறுத்து. எடைப்பொறி, ஏறியவரின் சாதி கேட்பதில்லை. பாலினம் கேட்டுப் பல்லிளிப்பதும் இல்லை. இரும்புக்கு உள்ள நேர்மை, இதயத்துக்கு வேண்டாமா?