தர்க்காஸ்து நிலமும் தண்ணீர்ப் பாத்தியதையும்



தரிசு நிலத்தை எனக்குக் கொடுங்கள் என்று சர்க்காரிடம் விண்ணப்பம் போடுவதற்கு நமது நாட்டில் தர்க்காஸ்து என்று பெயர். ஊரின் எல்லையில் கல்லும் வேலமுள்ளுமாய் எவருக்கும் வேண்டாமல் கிடக்கும் பூமியை, "நான் திருத்தி உழுது பிழைத்துக் கொள்கிறேன், தீர்வையும் கட்டிவிடுகிறேன்" என்று ஒரு மனிதன் கேட்பதில் யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு நஷ்டமுமில்லை. ஆனால் கேட்கிறவன் சேரியில் பிறந்தவனாயிருந்து விட்டால், அதுவரை எவன் கண்ணிலும் படாமல் கிடந்த அந்தக் கல்லுக்காடு அன்றைக்கே மேய்ச்சல் புறம்போக்காகவும், சாமி ஊர்வலம் போகும் பாதையாகவும், அய்யனார் குதிரை நிற்க வேண்டிய இடமாகவும் ஆகிவிடுகிறது. நூறு வருஷமாக அந்தப் பக்கம் எட்டிப் பாராத அய்யனாருக்கு, தர்க்காஸ்து மனு விழுந்தவுடன் மாத்திரம் அங்கே குதிரை கட்ட ஆசை வருவானேன் என்று யாராவது கேட்டதுண்டா?

சென்ற வருஷம் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே பாலாற்றங்கரைக் கிராமமொன்றில் ஒரு கூட்டத்தில் பேசிவிட்டுத் திரும்புகையில், அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு தோழர் தமது வீட்டுக்கு அழைத்துப் போனார். சாமி படத்துக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். அதில் அவர் தகப்பனார் பெயரில் ஒரு பழைய நிபந்தனைப் பட்டா, இரண்டு ஏக்கருக்கு. அதையடுத்த ஒரு ஏக்கர் புறம்போக்கை அவரே திருத்திப் பயிரிட்டு வருவதற்காக வருஷா வருஷம் வந்த பி-மெமோ அபராத நோட்டீஸும் கட்டின ரசீதும், இருபத்திரண்டு வருஷத்துக் கத்தை.

"இதற்குப் பட்டா கேட்டு மனுக் கொடுத்தீர்களா?" என்றேன்.

"கொடுக்கலாம் என்றுதான் போன வருஷம் எழுதி வைத்தேன் ஐயா. ஜமாபந்தி அன்றைக்கு எனக்குச் சந்திராஷ்டமம், அன்று கையெழுத்துப் போட்ட காரியம் விளங்காது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். நல்ல நாள் பார்த்துப் போனபோது ஜமாபந்தி முடிந்து விட்டது. மனுவை வாங்கி வைத்துக் கொண்டார்கள், சீட்டு ஒன்றும் தரவில்லை."

அந்த ஜோசியருக்கு இவர் கொடுத்த தட்சணை நூற்றொரு ரூபாய். நூற்றொரு ரூபாயும் கொடுத்து ஒரு வருஷத்தையும் கொடுத்தார்.

பிறகு கிணற்றைப் பார்க்கப் போனோம். தண்ணீர் இருந்தது, வாளியில் மொண்டு பார்த்தால் டீத்தண்ணீர் நிறம், வாயில் வைத்தால் உப்பு. ஓரத்திலிருந்த தென்னைகளில் மூன்று மொட்டையாய் நின்றன. "எங்கள் தலைவிதி" என்றார். தலைவிதி என்ற வார்த்தையை நாம் எத்தனை சுலபத்தில் சொல்லி விடுகிறோம்! இந்த விதியை எழுதினவர்கள் யார் யார், எந்த வருஷத்தில், எந்தக் காகிதத்தில் எழுதினார்கள் என்பதையெல்லாம் தேடிப் பார்த்தால் பிரம்மாவின் கையெழுத்து எங்கும் காணப்படுவதில்லை.

1891-ஆம் வருஷத்தில் செங்கற்பட்டு ஜில்லாவில் கலெக்டர் வேலை பார்த்த டிரெமென்ஹீர் என்பவர், தாழ்த்தப்பட்ட மக்களின் நிலைமையைப் பற்றிச் சர்க்காருக்கு ஒரு அறிக்கை எழுதினார். அதில் அவர் அம்பலப்படுத்திய சங்கதிகளில் இந்தத் தர்க்காஸ்து விதியும் ஒன்று. காலி நிலத்தை ஒருவன் கேட்டால், முதலில் மிராசுதாரனை "உனக்கு வேண்டுமா?" என்று கேட்பது, அடுத்தபடியாக உள்ளூர்ப் பட்டாதாரனைக் கேட்பது, இவர்களெல்லாம் வேண்டாமென்று கைகழுவினால்தான் கேட்டவனுக்கு என்பது அந்த விதி. பண்ணையாள் நிலம் கேட்டால் பண்ணைக்காரன் வேண்டாமென்பானா? சொந்தமாய் அரை ஏக்கர் வந்து விட்டால் அவன் நாளைக் காலையில் இவன் களத்துக்கு வரமாட்டானே! எனவே, தனக்கு உழ முடியாத நிலத்தையும் தனக்கே வேண்டுமென்று சொல்லி முடக்கிப் போட்டான்.

இதே காலத்துக்குச் சற்று முன்னே, 1862-இல், அமெரிக்காவில் ஒரு சட்டம் செய்தார்கள். எல்லைப்புறத்து நிலத்தில் 160 ஏக்கர் வரை ஒரு குடும்பத் தலைவன் சொற்பக் கட்டணம் கட்டிக் கேட்கலாம். ஐந்து வருஷம் அங்கேயே குடியிருந்து திருத்தினால் அவனுக்கே சொந்தம். அந்த நிலமெல்லாம் பூர்வ குடிகளை விரட்டிப் பிடுங்கியது என்பது வாஸ்தவம். அந்த அக்கிரமத்துக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனாலும் அங்கே நிலம் கேட்டவனைப் பார்த்து "நீ எந்தக் காலிலிருந்து பிறந்தாய், பக்கத்து நிலத்துக்காரன் சம்மதித்தானா?" என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. இங்கே அந்தக் கேள்வி ஒன்றுதான் இருந்தது.

அடுத்த வருஷம், 1892 செப்டம்பர் 30-இல், தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கச் சர்க்கார் உத்தரவு பிறந்தது. அதுதான் பஞ்சமி நிலம், டி.சி. நிலம் என்பதற்கெல்லாம் பிறப்பிடம். நாளடைவில், பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, பிறகு விற்றாலும் அவ்வகுப்பாருக்கே விற்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் ஏற்பட்டன. இராஜதானி முழுவதிலும் சுமார் 12 லட்சம் ஏக்கர் இப்படிக் கொடுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அதில் இன்று எத்தனை அவர்கள் கையில் இருக்கிறதென்று எந்த ஊர்ச் சேரியிலாவது போய்க் கேட்டுப் பாருங்கள். ஒரு மூட்டை கேழ்வரகுக்கும், ஒரு கல்யாணச் செலவுக்கும், ஒரு வெற்றுக் கைநாட்டுக்கும் கைமாறினதுதான் ஜாஸ்தி. காரணையில் அந்த நிலத்தைத் திரும்பக் கேட்ட போராட்டத்தில், 1994 அக்டோபர் 10-இல் செங்கற்பட்டில் போலீசார் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் மாண்டார்கள். சட்டப்படி தனக்குரிய நிலத்தைத் தனக்கென்று கேட்டதுதான் குற்றம்.

இது நிற்க. அதே 1892-இல், பிப்ரவரி 18-இல், இன்னொரு காகிதத்திலும் கையெழுத்தாயிற்று. அது மைசூர் சமஸ்தானத்துக்கும் சென்னை சர்க்காருக்கும் ஏற்பட்ட ஆற்றுநீர் ஒப்பந்தம். அதில் பேர் சொல்லிச் சேர்க்கப்பட்ட ஆறுகளில் நமது பாலாறும் ஒன்று. கீழேயுள்ளவன் வெகு காலமாய் அனுபவித்து வரும் தண்ணீருக்கு அவனுக்குப் பாத்தியதை உண்டு. ஆகையால் மேலேயுள்ளவன் அவன் சம்மதமின்றிப் புது அணை கட்டக் கூடாது என்பது அதன் சாரம். மிகவும் நியாயம்! அனுபவம்தான் பாத்தியதை என்று இரண்டு சர்க்கார்களும் ஒப்புக் கொண்டன. அப்படியானால், தலைமுறை தலைமுறையாய் ஒரு துண்டு பூமியைத் தன் வியர்வையால் நனைத்து வந்தவனுக்கு அந்த அனுபவம் ஏன் பாத்தியதையாகவில்லை? ஒரே வருஷத்தில், ஒரே சர்க்காரால், ஆற்றுக்கு ஒரு நியாயம், ஆளுக்கு ஒரு நியாயம். மைசூர் மகாராஜாவிடம் பேசும்போது அனுபவ பாத்தியதை. சேரிக்காரனிடம் பேசும்போது அதே அனுபவம் ஆக்கிரமிப்பு, அதற்கு பி-மெமோ!

இனித் தண்ணீரைப் பற்றிப் பார்ப்போம். 1882-ஆம் வருஷத்து அனுபவ உரிமைச் சட்டத்தில், ஒருவன் தன் நிலத்துக்கு அடியில் குறிப்பிட்ட கால்வாயாய் ஓடாத நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக் கொள்ளலாம் என்று கண்டிருக்கிறது. அதாவது நிலம் உள்ளவனுக்கு அதன் கீழேயுள்ள தண்ணீரும் உண்டு; நிலமில்லாதவனுக்குக் குடம் வைக்க இடமில்லை. பணமுள்ளவன் பத்து சென்ட் வாங்கிப் பாதாளம் வரையில் குழாய் இறக்கி, சுற்றிலும் பத்து ஏக்கர்க் கிணறுகளை வற்ற அடித்தாலும் அவனைக் கேட்பாரில்லை. இதைக் கட்டுப்படுத்த 2003-இல் தமிழ்நாட்டில் நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்று செய்தார்கள். அது அமுலுக்கே வராமல் 2013-இல் ரத்தாயிற்று. பிறந்த குழந்தைக்குப் பெயர் வைத்து, தொட்டிலில் போடாமலே புதைத்த கதை.

இந்தத் தோல் பூமியில் நடந்ததைச் சொல்லுகிறேன். சுப்ரீம் கோர்ட்டார் 1996 ஆகஸ்ட் 28-இல், வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் போட்ட வழக்கில் தீர்ப்புச் சொன்னார்கள். ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறதென்றும், தோல் ஷாப்புகள் நிறைந்த இப்பிரதேசத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போயிற்றென்றும் அத்தீர்ப்பில் கண்டிருக்கிறது. கெடுத்தவன்தான் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை ஏற்று, நஷ்டஈடு நிர்ணயிக்க ஒரு அதிகார சபையும் ஏற்படச் செய்தார்கள். அந்தச் சபை 2001-இல், 29,193 பேருக்கு ஏறத்தாழ 26 கோடியே 82 லட்சம் ரூபாய் என்று கணக்குப் போட்டது. வகுத்துப் பாருங்கள், தலைக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட வரவில்லை. அதிலும் பாக்கி, 2025 ஜனவரி 30-இல் மறுபடியும் சுப்ரீம் கோர்ட்டாரே, கொடுபடாத நஷ்டஈட்டை ஆறு வாரத்துக்குள் கொடுங்கள் என்று உத்தரவு போட வேண்டியதாயிற்று. எத்தனை ஹெக்டேர் கெட்டது என்று அளந்து போட்ட கணக்கு இது. அளக்கத் தனக்கென்று ஒரு சாண் நிலமில்லாமல் அதே தண்ணீரைக் குடித்த கூலிக்காரன் எந்த ஹெக்டேரைக் காட்டுவான்? பெயரில் பட்டா இல்லாதவனுக்கு நிலமும் இல்லை, நீரும் இல்லை, நீர் கெட்டால் நஷ்டஈடும் இல்லை. தர்க்காஸ்து மனு ஒரு சின்ன விஷயமல்லவென்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

தீட்டு, தீட்டு என்று இரண்டாயிரம் வருஷமாய்க் கிணற்றுக்குக் காவல் நின்றார்களே, அவர்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டும். மனிதன் கை பட்டால் கிணறு தீட்டு. 1927 மார்ச் 20-இல் மகாத் குளத்தில் டாக்டர் அம்பேத்கர் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்ததற்காக, பசுவின் சாணமும் மூத்திரமும் கலந்த குடங்களைக் கொட்டிக் குளத்தைச் சுத்தி செய்தார்கள். வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தாழ்த்தப்பட்டோர் குடிக்கும் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிய வந்தது. இப்படிப்பட்ட தேசத்தில், குரோமியம் கிணற்றில் இறங்கியபோது எந்தச் சாஸ்திரியாவது "தீட்டு" என்று கூவினாரா? எந்தக் கிணற்றுக்காவது புண்ணியாகவாசனம் செய்தார்களா? தோலை உரித்தவன் தீட்டு, ஊறவைத்தவன் தீட்டு. அதை விற்று வந்த பணம் மாத்திரம் உண்டியலில் விழும்போது பரிசுத்தம்!

"அப்படியானால் தோல் ஷாப்புகளை மூடிவிடச் சொல்லுகிறாயா, அங்கே வேலை செய்கிற எங்கள் பிள்ளைகள் சோற்றுக்கு என்ன செய்வார்கள்?" என்று கூட்டத்திலேயே ஒரு தோழர் எழுந்து கேட்டார். நல்ல கேள்வி. மூடச் சொல்லவில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் கை வெந்து நிற்பவரும் நம்மவர், அந்தத் தண்ணீரால் பயிர் வெந்து நிற்பவரும் நம்மவர்; ஒரே வீட்டில் தகப்பன் வயலிலும் மகன் ஷாப்பிலும் இருக்கிறான். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் செலவு முதலாளியின் லாபத்திலிருந்து போகட்டும், தொழிலாளியின் கூலியிலிருந்தும் குடியானவனின் கிணற்றிலிருந்தும் போக வேண்டாமென்பதுதான் நமது பேச்சு. இதை மதச் சண்டையாக்கி, முதலாளி இன்ன மதம், குடியானவன் இன்ன மதம் என்று கிளப்பி விடுகிறவர்களிடம் இப்பக்கத்துத் தோழர்கள் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். கிணறு கெட்டதில் மதம் பார்த்துக் கெடவில்லை.

பாலாறு கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33, நமது பக்கத்தில் 222 கிலோமீட்டர் ஓடுவதாகக் கணக்கு. ஓடுவது என்பது வாய்வார்த்தை; பல வருஷங்களில் மணல்தான் ஓடுகிறது, அதுவும் லாரியில். ஆந்திர எல்லையில் புல்லூரில் ஒரு தடுப்பணை இருக்கிறது. 5 அடியாக இருந்ததை 2016-இல் 12 அடியாக உயர்த்தினார்கள். அந்த அணைக்குப் பக்கத்திலேயே கனகநாச்சியம்மன் கோவில். நம் பக்கத்து ஜனங்கள் அங்கே போய்ப் பொங்கல் வைத்து, தண்ணீர் வர வேண்டும் தாயே என்று வேண்டிக் கொண்டு திரும்புகிறார்கள். சிமெண்டும் கம்பியும் கலந்து ஏழடிச் சுவர் அம்மன் கண்ணெதிரேதான் எழும்பிற்று. அந்த அம்மனால் ஒரு கொத்தனாரைக்கூடத் தடுக்க முடியவில்லை. 1892-ஆம் வருஷத்து அந்தப் பழைய காகிதத்தைத்தான் தூக்கிக் கொண்டு, 2006-லும் 2016-லும் தமிழ்நாட்டுச் சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. சர்க்காரே காகிதத்தை நம்பும்போது நாம் ஏன் கற்பூரத்தை நம்ப வேண்டும்?

மறு ஜமாபந்திக்கு அந்தப் பெரியவருக்கு நாங்கள் மனு எழுதினோம். தாலுகா ஆபீசில் அ-பதிவேட்டு நகல் எடுத்ததில், அந்த ஒரு ஏக்கர் நீர்வழிப் புறம்போக்கல்ல, தீர்வை ஏற்பட்ட தரிசு என்று தெரிந்தது. நீர்வழியாயிருந்தால் மனுவே நிற்காது. ஆகையால் இதை முதலில் பார்க்காமல் யாரும் காசு செலவழிக்க வேண்டாம். இருபத்திரண்டு வருஷத்து ரசீதையும் வருஷ வரிசையில் அடுக்கி ஜெராக்ஸ் வைத்தோம். அபராதச் சீட்டு என்று அவர் வெட்கப்பட்டு ஒளித்து வைத்திருந்ததுதான் அவர் அனுபவத்துக்கு அத்தாட்சி. கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்து, அந்தச் சீட்டையும் கூடச் சேர்த்து, நிலத்தோடு தண்ணீருக்கும் பரிகாரம் வேண்டுமென்று அதே மனுவில் எழுதி, ஒரு நகலை மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். சென்ற வருஷத்து மனு என்னவாயிற்றென்று 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டித் தனியாகக் கேட்டோம். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

ஜமாபந்தியன்று வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்தபோது, பெரியவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக, "ராகு காலமாச்சே ஐயா" என்றார். ஆபீசு மூடுகிற காலமும் நெருங்குகிறது என்றேன். சிரித்துவிட்டு மனுவை நீட்டினார். எண் போட்டு, முத்திரை குத்தி, சீட்டுக் கொடுத்தார்கள். அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டவர், பேருந்தில் ஏறும் வரையில் இரண்டு தரம் எடுத்துப் பார்த்துக் கொண்டார்.