மௌனம் யாருக்குச் சம்மதம்?

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மை ஒன்றாவது உங்கள் வீட்டு கொலுவிலோ ஷோகேஸிலோ இருக்கும். என்ன கேட்டாலும் வாயைத் திறக்காது. பொம்மை திறக்காததில் தப்பில்லை. மனுஷன் திறக்காவிட்டால்?

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். அந்த ஊரில் சின்னதாகச் சூளை வைத்திருக்கும் ஒருவர் 50,000 ரூபாய் கடன் வாங்குகிறார். ஃபைனான்ஸ்காரர் வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் ஃபைனான்ஸ்காரரிடமே கணக்கு எழுதும் குமாஸ்தா. கடன் அடைகிறது, நோட்டு திரும்பவில்லை. இரண்டு வருஷம் கழித்து அதே நோட்டு, 3 லட்சம் என்று நிரப்பப்பட்டு, கோர்ட்டுக்கு வருகிறது.

பி.காம். பரீட்சைக்கு நான் உருப்போட்ட 1881-ம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 118 என்ன சொல்கிறது? புரோநோட்டு இருந்தால் பணம் கைமாறியது என்றே கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று காட்டுவது கடன் வாங்கியவர் பாடு. நடந்ததைப் பார்த்த மூன்றாவது ஆள் குமாஸ்தாதான். அவர் கோர்ட் பக்கமே வரவில்லை.

அந்த மௌனம் யார் தலையில் விடிய வேண்டும்?

கட்சிக்காரரே கூண்டேறாமல் ஒளிந்தால் விஷயம் சுலபம். அவர் சொல்வது சரியல்ல என்று ஊகிக்கலாம் என 1999-ல் வித்யாதர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆதாரத்தை மறைப்பவருக்கு எதிராக ஊகிக்க 1872-ன் சாட்சியச் சட்டத்திலும் (பிரிவு 114) இடம் இருந்தது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதுச் சட்டத்தில் அது பிரிவு 119. ஆனால் கவனியுங்கள்: 'ஊகிக்கலாம்'தான், 'ஊகிக்க வேண்டும்' அல்ல.

குமாஸ்தாவோ கட்சிக்காரர் இல்லை. "உங்களுக்கு வேண்டுமானால் நீங்களே சம்மன் அனுப்பிக் கூப்பிட்டிருக்கலாமே?" என்பார் எதிர்த்தரப்பு வக்கீல். கூப்பிட்டால் அவர் உங்கள் சாட்சி. கோர்ட் அனுமதிக்காமல் அவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. கூப்பிடாவிட்டால், ஏன் கூப்பிடவில்லை என்ற கேள்வி. எப்படிப் போனாலும் இடிபடுவது சூளைக்காரர்தான்!

சட்டத்தில் வழியே இல்லையா? இருக்கிறது, ஸார். 'வாய் திறந்தால் நானே மாட்டிக்கொள்வேன்' என்று நம் ஊர் சாட்சி நழுவ முடியாது. பதில் சொல்லியே ஆக வேண்டும். கட்டாயத்தில் சொன்ன அந்தப் பதிலை வைத்து, அது பொய்யாக இல்லாதவரை, அவர் மேல் வழக்குப் போட முடியாது. சம்மனுக்கு வராதவருக்கு வாரண்ட், ஜப்தி, 5,000 ரூபாய் வரை அபராதம். எல்லாம் ஏட்டில் பத்திரமாக இருக்கிறது. வாய்தா மேல் வாய்தா வாங்கியே களைத்துப் போன ஏழைக்கு அது எட்டுவதில்லை.

அமெரிக்காவில் ஒரு பந்தயக் குதிரைக்கு இந்தப் பிரச்னை வந்தது. பெயர் 'டெவில் ஹிஸ் டியூ'. அப்பாவுக்கு வரி பாக்கி, குதிரையோ மகள் பேரில். குதிரை உண்மையில் யாருடையது என்று கேட்டால் அப்பா கப்சிப். அங்கே அதற்கு அரசியல் சாசனத்திலேயே உரிமை உண்டு. வழக்கில் கட்சிக்காரராக இல்லாத அப்பாவின் மௌனத்தையும் மகளுக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம் என்று 1997-ல் நியூயார்க் அப்பீல் கோர்ட் சொன்னது. கண்ணை மூடிக்கொண்டு அல்ல. இருவருக்கும் என்ன உறவு, யார் பிடியில் யார், லாபம் யாருக்கு, வழக்கில் அவர் பங்கு என்ன என்று பார்த்துத்தான்.

எல்லா மௌனமும் ஒன்றல்ல. வம்பு வேண்டாம் என்று ஒதுங்கும் பக்கத்து வீட்டுக்காரரின் மௌனத்தை யார் கணக்கிலும் எழுதக் கூடாது. ஆனால் ஒருவரிடம் சம்பளம் வாங்குபவர் அவருக்காகவே வாயை மூடிக்கொண்டால், அது சம்பளம் கொடுப்பவரின் மௌனம்.

எனவே நீதிபதிகள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். "நோட்டில் கையெழுத்துப் போட உங்கள் குமாஸ்தாவைக் கூட்டி வரத் தெரிந்ததே, கூண்டுக்குக் கூட்டி வர ஏன் தெரியவில்லை?" பதில் வராவிட்டால், 'ஊகிக்கலாம்' என்ற இடத்தில் தயங்காமல் ஊகியுங்கள்.